எந்த நூல் என்று சொன்னால் போதாது, எந்தப் பதிப்பு என்றும் சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புத்தகக் காட்சி நெருங்கினால் தங்கள் நாளிதழின் புத்தகப் பக்கம் பரிந்துரைகளால் நிறைந்துவிடுகிறது. நாவல், வரலாறு, சங்க இலக்கியம், மொழிபெயர்ப்பு, சமையல் என்று எதையும் விட்டுவைக்காமல் பட்டியல் போடுவது நல்ல காரியம்தான். ஆனால் தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், விலை, தொலைபேசி எண் என்ற ஐந்தோடு ஒவ்வொரு பரிந்துரையும் முடிந்துவிடுகிறது. புதிதாக எழுதப்பட்ட நூலுக்கு இது போதும். ஒரே நூலைப் பத்துப் பதினைந்து பதிப்பகங்கள் போட்டு விற்கும் இந்தக் காலத்தில், பழைய நூலுக்கு இது எந்த வகையிலும் உதவாது. அரங்கில் எல்லாரும் அதே பத்து சதவீதத் தள்ளுபடிதான் தருகிறார்கள். ஆகவே வாசகர் தடிமனையும் அட்டையையும் பார்த்து வாங்குகிறார், வீட்டுக்குப் போய்த் திறந்தால் பாதி எழுத்துப் பிழை.

கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ இதற்கு நல்ல உதாரணம். 1950 அக்டோபரில் தொடங்கி 1954 மே வரை வாரத் தொடராக வந்த நாவல். ஆசிரியர் மறைந்ததும் 1954இல்தான். அவருடைய எழுத்துகள் நாட்டுடைமை ஆகிவிட்டன. ஆகாமல் இருந்திருந்தாலும், ஆசிரியர் இறந்து 60 ஆண்டு என்ற நம் பதிப்புரிமைச் சட்டக் கணக்குப்படி 2014ஆம் ஆண்டோடு உரிமை முடிந்திருக்கும். இன்று யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், அச்சிடுகிறார்கள். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, மலிவு விலையில் ஒரு பெரிய நாவல் வீடுவீடாகப் போகிறது. ஆனால் இணையத்தில் கிடைக்கும் கோப்பை அப்படியே இறக்கி, எழுத்துரு மாற்றி, மெய்ப்பே பார்க்காமல் அச்சுக்கு அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள்.

கடையில் நின்றபடியே இதைக் கண்டுபிடிக்கலாம். முதலில் அத்தியாயங்களை எண்ணுங்கள்: முதல் பாகத்தில் 57, இரண்டில் 53, மூன்றிலும் நான்கிலும் 46, ஐந்தில் 91, ஆக மொத்தம் 293. ‘முழுமையான பதிப்பு’ என்று அட்டையில் போட்டுவிட்டு உள்ளே சுருக்கியிருந்தால் பெரும்பாலும் ஐந்தாம் பாகத்தில்தான் கை வைத்திருப்பார்கள். அடுத்து, நடுவில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து கால் எழுத்தைக் கவனியுங்கள். படக்கோப்பிலிருந்து எழுத்தாக மாற்றும் மென்பொருளுக்குக் காலும் ரகரமும் ஒன்றாகத்தான் தெரியும். ‘காலம்’ ‘கரலம்’ ஆகும், ‘வாள்’ ‘வரள்’ ஆகும். எழுத்துச் சீர்திருத்தம் வந்த 1978க்கு முந்தைய அச்சில் லை, ளை, னை, ணை எல்லாம் மேலே துதிக்கை தூக்கிய வடிவில் இருக்கும், ணா, றா, னா மூன்றும் சுழித்த ஒற்றை எழுத்தாக இருக்கும். மாற்றும்போது இவைதான் முதலில் சிதையும். ஔகாரக் குறிக்குப் பதில் ஒற்றைக் கொம்பும் ளகரமும் தனித்தனியாக நின்றால், எழுத்துரு மாற்றிய பிறகு யாரும் படித்துப் பார்க்கவில்லை என்று அர்த்தம். உரையாடல்களில் மேற்கோள் குறி திறந்திருந்து மூடாமல் போவதும், இரண்டு பேர் பேச்சு ஒரே பத்தியில் ஒட்டிக்கொள்வதும் அடுத்த அடையாளங்கள். மூன்று பக்கம் பார்த்து மூன்றிலும் இப்படி இருந்தால் கீழே வைத்துவிடலாம்.

நூல் விவரப் பக்கத்தில் இன்னொரு வேடிக்கை நடக்கிறது. எழுபது ஆண்டு பழைய நாவலுக்கு ‘முதற் பதிப்பு 2023’ என்று போடுகிறார்கள். அந்தப் பதிப்பகத்துக்கு அது முதற்பதிப்பாக இருக்கலாம். இளம் வாசகர் அதைப் புதிய நூல் என்று எண்ணிவிடுகிறார். நூல் முதலில் வந்த ஆண்டு, இந்தப் பதிப்பு எந்தப் பழைய பதிப்பைப் பின்பற்றியது, இது திருத்திய பதிப்பா வெறும் மறு அச்சா என்ற மூன்றையும் சொல்லாத பதிப்பகத்தை நம்ப வேண்டியதில்லை. ஐம்பது நூறு பிரதியாக அச்சடிக்கும் வசதி வந்த பிறகு ‘ஏழாம் பதிப்பு’ என்பதற்கும் பெரிய மதிப்பில்லை.

சங்க இலக்கியத்துக்கு வருகிறேன். இங்கே தவறான பதிப்பு வாங்கினால் பிழையோடு தொல்லை நிற்காது, பாட்டின் ஓசையே போய்விடும். பாட்டைச் சீர் பிரித்துப் போட்டால்தான் புதியவர்கள் படிக்க முடியும் என்பது உண்மை. ஆனால் பக்க அகலம் போதாமல் அடியை நடுவில் உடைத்து, உடைந்ததைத் தனி அடியாகவே விட்டுவிடுகிறார்கள். சரிபார்க்க எளிய வழி இருக்கிறது. தொகை நூல்களில் பெரும்பாலானவை நேரிசை ஆசிரியப்பா. கடைசிக்கு முந்தைய அடியில் மூன்று சீர் இருக்க வேண்டும், மற்ற அடிகளில் நான்கு. குறுந்தொகை 40ஆம் பாட்டை எடுத்துப் பாருங்கள், ஐந்தே அடி. நான்காவது அடி ‘செம்புலப் பெயனீர் போல’, மூன்று சீர். இந்தப் பாட்டை ஏழு எட்டு வரியாக உடைத்துப் போட்ட பதிப்பில் மற்ற பாட்டுகளின் கதியை ஊகித்துக்கொள்ளலாம்.

புறநானூற்றில் 267, 268 ஆகிய இரு பாட்டுகள் கிடைக்கவில்லை. பிற்பகுதியில் பல பாட்டுகளில் அடிகள் சிதைந்திருக்கின்றன, 1894இல் உ.வே. சாமிநாதையர் பதிப்பித்தபோதே அந்த இடங்களைப் புள்ளியிட்டுக் காட்டினார். பழைய உரை முதல் 266 பாட்டுக்கு மட்டுமே உண்டு. ஆகவே நானூறும் ஒரு குறையுமின்றி, ஒரு புள்ளிகூட இல்லாமல், முழுமையாக இருப்பதாகத் தெரிந்தால் உரையாசிரியர் எங்கேயோ சொந்தச் சரக்கைச் சேர்த்திருக்கிறார் என்று பொருள். திணை, துறை, பாடியவர், பாடப்பட்டவர் குறிப்புகளும் பாட்டு முதற்குறிப்பு அகராதியும் இல்லாத புறநானூறு அலமாரிக்கு அழகு, அவ்வளவுதான். திருக்குறளில் இன்னொரு சங்கதி: அதிகாரத்துக்குள் குறள்களின் வரிசை பரிமேலழகருக்கும் மணக்குடவருக்கும் வேறுபடும். எண் கொடுத்து மேற்கோள் காட்டுகிறவர்கள் எந்த உரை வரிசை என்று பார்த்துக்கொள்வது நல்லது.

வரலாற்று நூல்களில்தான் எனக்குக் கோபம் அதிகம். சோழர் வரலாறு என்ற பெயரில் இப்போது விற்பவற்றில் பல, நாவலைப் படித்துவிட்டு எழுதியவை. கையில் எடுத்ததும் ஆதித்த கரிகாலன் கொலை பற்றிய பக்கத்தைத் திருப்புங்கள். இதற்கு நேரடிச் சான்று காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் கல்வெட்டு. முதலாம் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது, கல்வெட்டுகளை வெளியிடும் எபிகிராபியா இண்டிகா வரிசையின் 21ஆம் தொகுதியில் வெளியானது. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், அவன் தம்பி ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராசன், பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரமாதிராசன் முதலியோரையும் அவர்கள் உறவினரையும் குறித்து, அவர்கள் நிலம் பறிமுதலானது பற்றிப் பேசுகிறது. கொலைக்குத் தூண்டியவர் யார், எந்த இடத்தில், எந்த நாளில் என்றெல்லாம் அந்தக் கல்வெட்டு சொல்லவில்லை. இராசராசனுக்கு முன் அரியணையில் இருந்த உத்தம சோழன் மீது கே.ஏ. நீலகண்ட சாஸ்திரியார் ஐயப்பட்டார், தி.வை. சதாசிவ பண்டாரத்தார் அதை மறுத்தார். இருவரும் அறிஞர்கள், இருவருக்கும் கையில் இருந்தது அதே கல்வெட்டு.

நல்ல வரலாற்று நூல் கல்வெட்டின் ஊர், ஆட்சியாண்டு, தொகுதி எண் மூன்றையும் தரும், கல்வெட்டுச் சொல்வது எது, ஆசிரியர் ஊகம் எது என்று பிரித்துக் காட்டும். மோசமான நூல் நந்தினியைச் சாட்சிக் கூண்டில் ஏற்றும். நந்தினி கல்கியின் கற்பனைப் பாத்திரம். எந்தக் கல்வெட்டிலும் இல்லை. இந்த ஒரு பக்கச் சோதனையில் தோற்கிற நூலுக்குத் தங்கள் பக்கத்தில் ‘ஆழமான ஆய்வு’ என்று யாரும் எழுதாமல் இருந்தால் அதுவே பெரிய உதவி. அடிக்குறிப்பு வாசகரைப் பயமுறுத்தும் என்று பதிப்பகத்தார் சொல்வதை நான் ஏற்பதில்லை. வேண்டாதவர் தாண்டிப் போவார், வேண்டியவருக்கு வேறு வழி கிடையாது.

மொழிபெயர்ப்பில் முதல் கேள்வி, எந்த மொழியிலிருந்து? தாராசங்கர் பானர்ஜியின் ‘ஆரோக்கிய நிகேதனம்’ தமிழில் நிலைத்ததற்குக் காரணம், வங்கம் தெரிந்த த.நா. குமாரஸ்வாமி செய்தது. காண்டேகர் தமிழ் எழுத்தாளர் போலவே படிக்கப்பட்டதற்குக் காரணம், மராத்தி தெரிந்த கா.ஸ்ரீ.ஸ்ரீ. இன்று கொரிய நாவலோ துருக்கி நாவலோ பெரும்பாலும் ஆங்கிலம் வழியாகத்தான் வருகிறது. அது தவறில்லை, மறைப்பதுதான் தவறு. நூல் விவரப் பக்கத்தில் மூல மொழித் தலைப்பு, முதல் வெளியீட்டு ஆண்டு, எந்த ஆங்கில மொழிபெயர்ப்பிலிருந்து என்ற விவரம் இருக்க வேண்டும். மொழிபெயர்ப்பாளர் பெயர் அட்டையிலேயே இருக்க வேண்டும்.

ஆங்கிலம் வழி வந்ததை உள்ளே படித்தே கண்டுபிடிக்கலாம். இந்திய மொழி நாவலில் சித்தப்பா, பெரியப்பா, மாமா எல்லாரும் ஒரே ஆளாகிப் போயிருப்பார்கள், ஆங்கிலம் அந்த வேறுபாட்டை வைத்துக்கொள்வதில்லை. ஒருவர் ஒரு பக்கத்தில் மாமா, அடுத்த பக்கத்தில் சித்தப்பா. பாத்திரங்கள் பேச்சுக்குப் பேச்சு தோளைக் குலுக்கிக்கொள்வார்கள். ருஷ்ய நாவலானால் இன்னொன்று பார்க்க வேண்டும்: ஒரே ஆளுக்குப் பெயர், தந்தைவழிப் பெயர், குடும்பப் பெயர், செல்லப் பெயர் என்று நான்கு இருக்கும். முன்பக்கத்தில் பாத்திரப் பட்டியல் இல்லாவிட்டால் ஐம்பதாம் பக்கத்துக்குள் பெரும்பாலோர் கைவிட்டுவிடுவார்கள். சோவியத் காலத்தில் மாஸ்கோவிலிருந்து வந்த முன்னேற்றப் பதிப்பக நூல்களைப் பலர் இன்றும் தேடி அலைவதற்கு விலை ஒரு காரணம் என்றால், அங்கேயே இருந்து மொழிபெயர்த்தவர்களின் உழைப்பும் பிரியாமல் தைத்த கட்டும் மற்ற காரணங்கள். அண்மையில் இயந்திரத்தில் போட்டு எடுத்த மொழிபெயர்ப்புகளும் கலந்து வருகின்றன. ஒரே பாத்திரத்தின் பெயர் அத்தியாயத்துக்கு அத்தியாயம் எழுத்து மாறினால் சந்தேகப்படுங்கள்.

சிறுகதைத் தொகுப்புகளில் ஒவ்வொரு கதையின் முடிவிலும் இதழ் பெயரும் மாதமும் ஆண்டும் வேண்டும். இது இல்லாமல் ‘முழுத் தொகுப்பு’ என்று போடுவது வெறும் வாய்ப்பேச்சு. புதுமைப்பித்தன் கதைகளுக்கு ஆ.இரா. வேங்கடாசலபதி 2000இல் கொண்டுவந்த பதிப்பு இதற்கு ஓர் அளவுகோல். அதைப் பார்த்த பிறகு மற்ற ஆசிரியர்களுக்கும் அப்படி ஒன்று ஏன் இல்லை என்று கேட்கத் தோன்றும். தன்வரலாறுகளுக்கு, எந்தப் பெயர் எந்தப் பக்கத்தில் என்று காட்டும் பெயர் அகராதி வேண்டும். உ.வே.சா.வின் ‘என் சரித்திரம்’ ஆனந்த விகடனில் 1940 முதல் தொடராக வந்து, 1942இல் அவர் மறைந்ததால் முடிவுறாமல் நின்றது. நூலாக வந்தது 1950இல். எந்தப் பதிப்பிலாவது கதை ‘முடிந்திருந்தால்’ முடித்தவர் வேறு யாரோ. ஆயிரக்கணக்கான பெயர்கள் நடமாடும் அந்த நூலில் அகராதி இல்லாத மலிவுப் பதிப்பை வாங்குவது, ஆராய்ச்சிக்கு வேண்டியவர்களுக்குக் காசு விரயம். கதையாகப் படிக்கிறவர்களுக்குப் பரவாயில்லை.

துப்பறியும் கதை, மாத நாவல் பற்றி ஏளனமாக எழுதுவதைத் தங்கள் மதிப்புரையாளர்கள் நிறுத்திக்கொள்ளலாம். ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி அய்யங்காரும் தொடங்கி இந்த வகை தமிழில் நூறாண்டுக்கு மேல் ஓடுகிறது, எத்தனையோ பேருக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கும் பழக்கத்தை விடாமல் காப்பாற்றியது இதுதான். இதற்கும் தரம் உண்டு. குற்றவாளி முதல் மூன்றில் ஒரு பகுதிக்குள் அறிமுகமாகியிருக்க வேண்டும், தடயம் வாசகர் கண்ணிலும் பட்டிருக்க வேண்டும். கடைசி அத்தியாயத்தில் திடீரென்று ஓர் இரட்டைச் சகோதரனைக் கொண்டுவந்தால் அது ஏமாற்று. செய்தித்தாள் காகிதத்தில் அடித்ததால் சில ஆண்டில் மஞ்சளாகி நொறுங்கும், லிக்னின் என்ற மரப்பொருளை நீக்காத கூழ் அப்படித்தான். பல பொது நூலகங்கள் இவற்றைச் சேகரிப்பதே இல்லை என்பது தனி வருத்தம்.

சமையல் நூலுக்கு அளவுதான் உயிர். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ முதலில் வந்தது 1951இல், மெட்ரிக் அளவு நம் கடைகளுக்கு வருவதற்கு முன்பு. அந்தக் காலத்து நூல்களில் ஆழாக்கு, படி, பலம், வீசை என்றிருந்தால் முன்பக்கத்தில் மாற்று அட்டவணை கட்டாயம் வேண்டும்: எட்டு ஆழாக்கு ஒரு படி, ஓர் ஆழாக்கு ஏறத்தாழ 168 மில்லி, நாற்பது பலம் ஒரு வீசை, ஒரு பலம் சுமார் 35 கிராம். புதிய நூல்களின் தவறு வேறு. மாவையும் பருப்பையும் எண்ணெயையும் ஒரே ‘கப்’பில் அளக்கச் சொல்லிவிட்டு அந்தக் கப் எத்தனை மில்லி என்று சொல்லமாட்டார்கள். ‘மூன்று விசில்’ என்பார்கள், தீயின் அளவும் குக்கரின் கொள்ளளவும் சொல்லமாட்டார்கள். சாம்பாருக்கு ‘உப்பு தேவையான அளவு’ என்றால் நாக்கு பார்த்துக்கொள்ளும். ஊறுகாய்க்கு அப்படி எழுதுவது பொறுப்பின்மை. அங்கே உப்பு ருசிக்காக மட்டும் போடுவதில்லை, குறைந்தால் பூஞ்சை பிடிக்கும்.

அறிவியல் நூல் ‘திருத்திய பதிப்பு’ என்று சொன்னால் மூன்று இடம் பாருங்கள். புளூட்டோ இன்னும் ஒன்பதாவது கோளாக இருந்தால் 2006க்குப் பிறகு யாரும் தொடவில்லை. தனிம அட்டவணை 118 வரை பெயரோடு நிரம்பாவிட்டால் 2016க்கு முந்தையது. கிலோகிராமை இன்னும் பாரிஸ் பக்கத்தில் பூட்டிவைத்த உலோகக் கட்டி என்று விளக்கினால் 2019க்கு முந்தையது. மருத்துவ நூலில் ஆண்டே போடாமல் விட்டிருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். சுயமுன்னேற்ற நூல்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை: பொருளடக்கத்தைப் படித்தாலே நூலைப் படித்தது போல, வாங்குமுன் அதை மட்டும் படியுங்கள்.

அகராதி வாங்குகிறவர்கள் பதிப்பு ஆண்டைப் பார்க்காமல் வாங்கவே கூடாது. க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி 1992, 2008, 2020 என மூன்று முறை வந்திருக்கிறது, பழைய புத்தகக் கடையில் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் முதலாவது.

இனி விலை. பக்க எண்ணிக்கையை வைத்து மலிவு, கூடுதல் என்று சொல்வது தவறான கணக்கு. ஒரு பக்கத்துக்கு 30 வரி, வரிக்கு 8 சொல் என்றால் 240 சொல். பெரிய எழுத்தில் 22 வரி, வரிக்கு 6 சொல் என்றால் 132 சொல். முதல் வகையில் 400 பக்கம் வரும் நாவல் இரண்டாவதில் 727 பக்கம் ஆகும். உள்ளே இருப்பது அதே நாவல்தான். ஒப்பிட வேண்டுமானால் ஒரு பக்கத்து வரியையும் சொல்லையும் எண்ணிப் பெருக்கிப் பாருங்கள், ஒரு நிமிட வேலை. ஒரே அளவு, ஒரே எழுத்து என்றால் பாரக் (ஒரே தாளில் அச்சிட்டு மடிக்கும் பக்கக் கொத்து) கணக்கே போதும்: 320 பக்கம், பதினாறு பக்கப் பாரமாக 20. விலை 400 ரூபாய் என்றால் பாரத்துக்கு 20 ரூபாய்.

கட்டும் முக்கியம். முதுகின் மேல் நுனியைப் பாருங்கள். மடித்த தாள்கள் சிறு சிறு கொத்தாகத் தெரிந்தால் பாரமாக மடித்துத் தைத்தது, நடுவில் விரித்தால் தையல் இழை தெரியும். ஒரே மட்டமாக வெட்டிப் பசை தடவியிருந்தால் பெர்ஃபெக்ட் பைண்டிங். இருநூறு பக்கத்துக்கு அது போதும். எழுநூறு எண்ணூறு பக்கத்தைப் பசையில் மட்டும் நிறுத்தினால் நம் ஊர் வெயிலில் பசை காய்ந்து, நடுப்பக்கம்தான் முதலில் கையோடு வரும். தாள் 60 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 60 கிராம் எடை) மேப்லித்தோ வகைக்குக் கீழே போனால் பின்பக்க எழுத்து முன்பக்கம் தெரியும், வயதானவர்கள் கண்ணுக்கு அது பெரிய தொல்லை. குழந்தைகள் நூலில் 16 பாயின்டுக்குக் குறைந்த எழுத்து வேண்டாம். கடற்கரை ஊர்களில் ஸ்டேப்பிள் அடித்த சிறுவர் நூல்கள் துருப்பிடித்து நடுத்தாளைக் கறையாக்கும், அங்கே தைத்ததே மேல்.

இத்தனையையும் வாசகர் ஒருவரே அரங்கில் நின்று செய்ய முடியாது. தங்கள் மதிப்புரைகளின் கீழே இருக்கும் சிறு கட்டத்தில் முதல் வெளியீட்டு ஆண்டு, பின்பற்றிய மூலப் பதிப்பு, மொழிபெயர்ப்பென்றால் எந்த மொழியிலிருந்து, பெயர் அகராதி உண்டா, தைத்ததா ஒட்டியதா என்ற ஐந்து விவரங்களைச் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன். தொலைபேசி எண்ணுக்கு ஒதுக்கும் இடத்தோடு இரண்டு வரி கூடினால் போதும். பழைய நூலாக இருந்தால் மதிப்புரையாளர் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் முந்தைய பதிப்பு கிடைக்கிறதா என்று பார்த்து, பத்துப் பக்கத்தையாவது ஒப்பிடட்டும், காசு செலவில்லை. அங்கே இல்லையென்றால் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலோ கன்னிமாராவிலோ கேட்கலாம். மதிப்புரைக்கு வந்த பிரதியில் இந்த விவரங்கள் இல்லையென்றால் பதிப்பகத்துக்கு ஒரு தொலைபேசி போட்டுக் கேட்டு, பதில் வராத பட்சத்தில் ‘விவரம் தரப்படவில்லை’ என்று அந்தக் கட்டத்திலேயே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
கும்பகோணம்